கிருஷ்ணகிரியில் ஒரு படம் மாட்ட ஒரு சுவர் கொடுங்கள்

மதிப்பிற்குரிய கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், கலை பண்பாட்டுத் துறையினருக்கும், மாங்கனிக் கண்காட்சியை நடத்தும் குழுவினருக்கும்,

வணக்கம்.

பர்கூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அரசுத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர், அப்புறம் டி.டி.சி. என்கிற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் என்று அந்தக் காலத்து வழியில் வந்தவன். இதை மனுவாக எழுதித் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரு துறை மட்டும் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வேலை இல்லை இது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். வருகிற மாங்கனிக் கண்காட்சியில் ஓவியத்துக்கு ஓர் அரங்கு. அதற்குப் பிறகு ஊருக்குள் நிரந்தரமாக ஒரு சுவர். ஏன் கேட்கிறேன் என்று புரிய, என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், போடவில்லை.

அவளுடைய அப்பா கிரானைட் பாலிஷ் போடும் கம்பெனியில் வேலை பார்த்தவர். கல்லை அறுக்கும்போது ஊற்றுகிற தண்ணீரும் கல்மாவும் சேர்ந்து சாம்பல் நிறச் சேறாக ஓடும். அந்தச் சேறு அவருடைய நகக்கண்ணில் எப்போதும் இருக்கும். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். எட்டாம் வகுப்பில் ஒருநாள் ‘என் வீடு’ என்று வரையச் சொன்னேன். வகுப்பு முழுக்க இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை என்று வரைந்து வைத்திருந்தார்கள். இவள் மட்டும் ஒரு கையை வரைந்திருந்தாள். விரல் நுனிகளில் பென்சிலைப் படுக்கப் போட்டு, காகிதம் பளபளக்கும் அளவுக்கு அழுத்தித் தேய்த்திருந்தாள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

2010-ல் பிள்ளைகளைப் பெங்களூருக்கு அழைத்துப் போனேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே மாணிக்யவேலு மாளிகையில் தேசிய நவீனக் கலைக்கூடம் திறந்திருந்தது. மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே மரத்தடிக்குப் போய்விட்டார்கள். இவள் ஓர் எண்ணெய் வண்ண ஓவியத்துக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, சுவரோடு கன்னத்தை ஒட்டுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். காவலர் வந்து தள்ளி நிற்கச் சொன்னார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: “சார், படம்னா மழமழன்னு இருக்கும்னு நெனச்சேன். இது மேடும் பள்ளமுமா இருக்கு சார்.”

அவள் அதுவரை பார்த்ததெல்லாம் அச்சடித்த படம். காலண்டர், பாடப்புத்தகம், சினிமா போஸ்டர். ஒரு மனிதர் கையால் வைத்த வண்ணம் காய்ந்து மேடாக நிற்பதை அவள் முதல்முறை பார்த்தது பதினான்கு வயதில், அதுவும் அடுத்த மாநிலத்தில். இந்த மடலில் நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை ஓர் அசல் ஓவியத்தைக்கூடக் கண்ணால் பார்ப்பதில்லை. செல்போனில் உலகத்து ஓவியங்கள் எல்லாம் வருகின்றன. ஆனால் செல்போன் கண்ணாடி மழமழவென்றுதான் இருக்கிறது.

பிறகு அவள் சென்னையில் நுண்கலை படித்தாள். தமிழ்நாட்டில் ஓவியத்துக்கென்று இருக்கும் அரசு நுண்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும்தான். சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது, அத்தனை பழையது. ஆனால் நம்மூர்ப் பிள்ளைக்கு இரண்டுமே ஒரு ராத்திரிப் பஸ் பயணம். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. “படம் போட்டா சோறு போடுமா சார்?” என்று அவளுடைய அம்மா மட்டும் ஒருமுறை கேட்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நான் பள்ளியில் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தைக் காட்டிச் சமாதானம் சொன்னேன். என் காலத்தில் அந்த வேலை நிரந்தரமாக இருந்தது. 2012-ல் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்களே, ஓவியம் கற்றுத்தருகிற தம்பி தங்கைகள் பலர் அதில்தான் இருக்கிறார்கள். பணி நிரந்தரம் கேட்டு இன்றுவரை போராடுகிறார்கள். அது தனி மடலாக எழுத வேண்டிய விஷயம்.

நான்கு ஆண்டுப் படிப்பு முடிந்ததும் ஜெர்மனியில் டுசல்டோர்ஃப் நகரத்து ஓவிய அகாதெமிக்கு அவள் தன் படங்களை அனுப்பினாள். அங்கே மதிப்பெண்ணைவிட நாம் வரைந்து அனுப்புகிற படங்கள்தான் பேசும். இடம் கிடைத்தது. கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு ஒருமுறை ஒரு சிறு தொகைதான். ஆனால் விசா வேண்டுமானால் ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போதுமான பணத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டிக் காட்ட வேண்டும். அப்பா ஒன்றே கால் ஏக்கர் மாந்தோப்பை அடமானம் வைத்தார். அந்தக் கடன் போன ஆண்டுதான் தீர்ந்தது.

அவள் அங்கே போன முதல் குளிர்காலத்தில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்வாள். கொண்டுபோன வண்ணமெல்லாம் அந்த வெளிச்சத்தில் செத்துப்போய்விட்டது என்றாள். ஆறேழு மாதம் எதுவுமே வரையவில்லை. பிறகு ஒருநாள் விடிகாலையில் போன் வந்தது. நமக்கு விடிகாலை, அங்கே நள்ளிரவு.

“சார், பாரடைசோ இங்க இருக்கு சார்.”

அங்கே கல்லறைத் தோட்டங்கள் பூங்கா மாதிரி இருக்கும், ஜனங்கள் நடந்துபோகிற வழியே அதற்குள் இருக்கும். குறுக்கே நடந்தவள் ஒரு கல்லறைக்கு முன்னால் நின்றுவிட்டாள். ஊதாவும் பழுப்பும் சாம்பலும் தண்ணீரில் மாவு கரைகிற மாதிரி சுழிந்து ஓடுகிற கல். நம் மாவட்டத்துக் குவாரிகளில் வெட்டி, இங்கேயே பட்டறையில் இழைத்துக் கப்பலில் ஏற்றுகிற பாரடைசோ. அவளுடைய அப்பா ஆயிரக்கணக்கான சதுர அடி இழைத்த கல். அடுத்த வரிசையிலும் அதே கல். மூன்று வரிசை தள்ளி இன்னொன்று. அங்கே கல்லறை இடம்கூடக் குத்தகைதானாம். இருபது, இருபத்தைந்து ஆண்டு முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் கல்லைப் பெயர்த்து எடுத்துவிடுவார்களாம். அப்படிப் பெயர்த்து ஓரமாக அடுக்கியிருந்த கற்களில் ஒன்றின் பின்பக்கம், இழைக்காத சொரசொரப்பான பக்கம், அவள் கையை வைத்துப் பார்த்திருக்கிறாள். “அப்பா கை மாதிரியே இருந்துச்சு சார்” என்றாள்.

அன்றிலிருந்துதான் அவள் ஓவியர் என்று நான் சொல்வேன். அதற்கு முன் கெட்டிக்கார மாணவி, அவ்வளவுதான்.

இப்போது அவள் ஆண்டில் ஏழெட்டு மாதம் அங்கே, மிச்சம் இங்கே. இங்கே வரும்போது பட்டறைகளில் படிகிற கல்மாவைச் சாக்கில் அள்ளி வந்து, காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து, வண்ணத்தோடு பிசைந்து துணியில் ஏற்றுகிறாள். அது காய்ந்தால் லேசாக மினுக்கும். காக்காப்பொன் துகள் அது. அங்கே போய் அதன்மேல் மெல்லிய பூச்சுகளாக எண்ணெய் வண்ணம் ஏற்றுகிறாள். ஒரு படம் முடிய இரண்டு நாடும் வேண்டும். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, பி.வி.சி. குழாயில் போட்டு எடுத்துப் போகிறாள். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நசுங்கி வெடித்துவிடும். இதெல்லாம் நான் அவளிடம் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு பயணத்திலும், இது பழங்காலச் சொத்து இல்லை, நானே போன மாதம் வரைந்தது என்று விமான நிலையத்தில் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வருமானம் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் ஓர் அச்சுக்கூடத்தில் பகுதிநேர வேலைக்கும் போகிறாள். ஆனால் அங்கே கலைஞர்களுக்கென்று 1983 முதல் ஒரு சமூகக் காப்பீடு நடக்கிறது. மருத்துவம், ஓய்வூதியம் இரண்டுக்கும் கலைஞர் பாதி கட்டினால் போதும். மீதியை அரசும், கலைஞர்களின் வேலையை வாங்கிப் பயன்படுத்துகிற நிறுவனங்களும் சேர்ந்து கட்டுகின்றன. ஒரு கம்பெனி ஊழியருக்குக் கிடைப்பது ஒரு ஓவியருக்கும் கிடைக்கிறது. அவள் அம்மா கேட்ட கேள்விக்கு நான் சொல்லத் தவறிய பதில் அங்கே சட்டமாகவே இருக்கிறது.

இரண்டு நாட்டில் கால் வைத்து வரைவது புதிதல்ல. கொல்லத்தில் பிறந்து சென்னைக் கல்லூரியில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்த ஓவியர் விஸ்வநாதன், 1968-ல் பாரிஸுக்குப் போனவர். பாரிஸிலும், சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலுமாக இருந்து வரைந்தவர். இந்தியக் கடற்கரைகளில் ஊர் ஊராக மணல் சேகரித்து அதைப் பற்றித் திரைப்படமே எடுத்தார். ஓவியர் எஸ்.எச். ரஸா 1950-ல் பிரான்ஸுக்குப் போய் அறுபது ஆண்டு இருந்தார். ஆனாலும் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது ஒரு புள்ளியை. மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளியில் அலைபாய்ந்துகொண்டிருந்த சிறுவனுக்கு, சுவரில் ஒரு புள்ளி வைத்து இதையே பார் என்று சொன்ன ஆசிரியர் கொடுத்த புள்ளி அது. பள்ளி ஆசிரியனாக இருந்தவனுக்கு இந்தச் செய்தி எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விஸ்வநாதனுக்குத் திரும்பி வர சோழமண்டலம் இருந்தது. 1966-ல் ஓவியர்கள் தாங்களே துணியில் பத்திக் என்கிற மெழுகுச் சாய வேலை போட்டு, கைவினைப் பொருள் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி உருவாக்கிக்கொண்ட கிராமம் அது. என் மாணவிக்குத் திரும்பி வர அவளுடைய அப்பா வீட்டுத் திண்ணைதான் இருக்கிறது.

நம் ஊருக்கு ஓவியம் அந்நியம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை வண்ணத்தில் குதிரை வீரர்களை வரைந்து வைத்தவர்கள் நம் மண்ணில் இருந்தவர்கள்தான். தருமபுரி அதியமான்கோட்டையில் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் கூரையில் ராமாயணமும் பாரதமும் இருக்கின்றன. இங்கிலாந்திலிருந்து வந்த ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல், பாராமகால் என்று அப்போது சொன்ன நம் பகுதியின் மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டு போனார்கள். ராயக்கோட்டை அதில் உண்டு. லண்டனில் அச்சாகி விற்றது. அந்த ராயக்கோட்டைப் படத்தை எனக்குக் காட்டியதும் இவள்தான், தன் செல்போனில். நம் மலையை எப்படிப் பார்த்தார்கள் என்று இருநூறு ஆண்டுக்கு மேல் அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். நம் பெண் அந்த மலையை எப்படிப் பார்க்கிறாள் என்பதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது.

போன தை மாதம் அவள் வந்திருந்தபோது இங்கேயே ஒரு கண்காட்சி வைத்துவிடலாம் என்று இருவரும் கிளம்பினோம். ஒரு மண்டபத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார்கள். இன்னோர் இடத்தில் ஒருநாள் வாடகை என் ஒரு மாத ஓய்வூதியத்தைத் தாண்டியது. ஒரு பள்ளி அரங்கம் சரி என்றது, கடைசி நாளில் வேறொரு விழாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு மாங்காய் மண்டிக்காரர் கை கொடுத்தார். சீசன் இல்லாததால் மண்டி காலியாக இருந்தது. தகரக் கூரை, மண் தரை, வைக்கோல் வாசனை. கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் பதினோரு படங்களைத் தொங்கவிட்டோம். வெளிச்சத்துக்கு இரண்டு டியூப்லைட்.

இரண்டு நாளில் நானூறு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். நான் வாசலில் நோட்டுப் போட்டிருந்தேன், தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கையெழுத்து இருக்கிறது. ஷிப்ட் முடிந்து பாலிஷ் கம்பெனி ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அப்படியே வந்தார்கள். அதில் ஒருவர் ஒரு சாம்பல் நிறப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பக்கத்தில் இருந்தவரிடம், “இது நானூறாம் நம்பர் கல்லு போட்டு நிறுத்துன பதம். இன்னும் தேய்ச்சா பளபளப்பு வந்துரும், இது போயிரும்” என்றார். நானூறாம் நம்பர் என்றால் பாலிஷில் நடுக்கட்டத்துத் தேய்ப்புக் கல். அவள் அந்தப் படத்தை மூன்று மாதம் வரைந்தாள். பளபளப்பு வருவதற்கு ஒரு படி முன்னால் நிறுத்தத்தான் அத்தனை மாதமும் ஆனது. ஜெர்மனியில் அவள் படங்களைப் பற்றி எழுதியவர்கள் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதை யாரும் சொன்னதில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுடைய அப்பா மண்டியின் ஓரத்தில், வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்த மனிதர் பேசியதைக் கேட்டதும் கையை முன்னால் கொண்டுவந்து படத்தைத் தொட்டே காட்டினார். நான் தடுக்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு சின்னப் பையன் ஒரு படத்தின் பக்கவாட்டில் போய்க் கன்னத்தை வைத்துப் பார்த்தான்.

இதை வைத்துத்தான் கேட்கிறேன். ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சிக்கு நம் மாவட்டம் மட்டுமல்ல, சுற்றுப்பட்ட மாவட்டமெல்லாம் குடும்பத்தோடு வருகிறது. அரசுத் துறைகள் எல்லாம் அரங்கு போடுகின்றன. அங்கே ஓர் அரங்கு ஓவியத்துக்குக் கொடுங்கள். தகரக் கொட்டகை போதும், மழை உள்ளே அடிக்கக் கூடாது. பிளைவுட் பலகையில் சுவர், மேலிருந்து படும் வெளிச்சம், ராத்திரியில் ஒரு காவலர். இவள் ஒருத்தியின் படங்களுக்காக மட்டும் கேட்கவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் கையில் திறமை வைத்துக்கொண்டு பேனர் எழுதியும் பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடித்தும் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கலை வளர்மணி, கலை நன்மணி என்று மாவட்டக் கலை மன்றம் விருது கொடுக்கிறதே, அதை வாங்கிய ஓவியர்களின் படங்களை ஊர் எங்கே போய்ப் பார்ப்பது? விருதோடு சுவரும் கொடுங்கள்.

நிரந்தர இடத்துக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தையொட்டியோ, பூட்டிக் கிடக்கும் ஏதாவது ஓர் அரசுக் கட்டடத்திலோ ஓர் அறை. ஒழுகாத கூரை, ஈரம் ஏறாத சுவர், சுவரின் உச்சியில் ஒரு இரும்புப் பட்டை. பட்டையிலிருந்து கம்பியில் படத்தைத் தொங்கவிடலாம், ஆணியே வேண்டாம். ஜெர்மனியில் ‘குன்ஸ்ட்ஃபெரைன்’ என்று ஊருக்கு ஊர் கலைச் சங்கங்கள் இருக்கின்றன, முந்நூறுக்கு மேல். பெரிய பணக்காரர்கள் நடத்துவதில்லை. டாக்டர், வாத்தியார், கடைக்காரர் என்று ஊர்க்காரர்கள் ஆண்டுச் சந்தா கட்டி, உயிரோடு இருக்கிற ஓவியர்களின் படங்களைக் காட்டுவதற்காகவே நடத்துவது. இடத்தை அரசு கொடுத்தால் அப்படி ஒரு சங்கத்தை இங்கே தொடங்கிப் பராமரிப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்கள் ஒன்பது பேர் இப்போதே ஒத்துக்கொண்டிருக்கிறோம். முறை வைத்து உட்காருவோம். மாதம் ஒரு பள்ளி வீதம் பிள்ளைகளை அழைத்து வர ஓர் உத்தரவு மட்டும் கல்வித் துறையிலிருந்து வேண்டும்.

குடிதண்ணீரும் ரோடும் இருக்க ஓவியத்துக்கா செலவு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஃபுளோரைடு தண்ணீரால் பல்லெல்லாம் கறை ஏறிய பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் எடுத்தவன் நான். ஒகேனக்கல் தண்ணீர் வந்த அன்று எங்கள் பள்ளியில் குழாயைச் சுற்றி நின்று கைதட்டினோம். அதோடு போட்டிபோட நான் வரவில்லை. நான் கேட்பது ஒரு அறை, ஒரு கொட்டகை. நம் கல் கடல் தாண்டிப் போக ரோடும் துறைமுகமும் இருக்கின்றன. மாங்கூழ் டிரம்மில் அடைத்துப் போகிறது, ஓசூர் ரோஜா விமானத்தில் போகிறது. போவதற்கு எல்லா வழியும் செய்து வைத்திருக்கிறோம். போன இடத்தில் நம் பிள்ளை செய்தது இங்கே திரும்பி வந்தால் இறக்கி வைக்க இடம் இல்லை.

போன முறை திரும்பிப் போகும்போது அந்தப் பதினோரு படங்களையும், புதிதாக முடித்த ஒன்றையும் என் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அவர்கள் வீட்டில் எலித் தொல்லை. மூன்று பி.வி.சி. குழாய்களில் சுருட்டி என் வீட்டுப் பரண்மேல் வைத்திருக்கிறேன். என்னுடையது ஓட்டு வீடு, சித்திரை வெயிலில் பரண் அடுப்பு மாதிரி காயும். வாரத்துக்கு ஒருமுறை இறக்கி, தரையில் பாய் விரித்து ஆறவிட்டு, வேப்பிலையை மாற்றி மறுபடி ஏற்றுகிறேன். எனக்கு அறுபத்தைந்து வயதாகிறது, ஏணியில் ஏற வீட்டில் திட்டுகிறார்கள். ஆனி மாதம் அவள் வருகிறாள், கண்காட்சி நடக்கிற நேரம்தான். நீங்களோ உங்கள் அலுவலர் யாராவதோ அதற்குள் ஒருநாள் வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் படங்கள் கீழேதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
பர்கூர் வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்